துருவத்து ஏரிகளில் கற்றதும் காவிரிப் படுகைக் குளங்களில் செய்து பார்த்ததும்

காவிரிப் படுகையில் ஒரு குளத்துக்கு ஆண்டு பிறப்பது வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்து மதகைத் தொடும் நாளில்தான். வழக்கப்படி ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்டாலும், அந்தத் தண்ணீர் கல்லணையைத் தாண்டி, ஆறாகவும் வாய்க்காலாகவும் பிரிந்து, கடைமடை ஊர்க் குளத்தை எட்டுவதற்குள் மேலும் பல நாட்கள் கழிந்துவிடும். அணை திறப்புத் தள்ளிப்போகும் ஆண்டுகளில் அந்தக் குளத்தில் வாழும் ஒவ்வோர் உயிரின் கணக்கும் அதனோடு சேர்ந்து தள்ளிப்போகும். துருவப் பகுதிகளிலுள்ள நன்னீர் ஏரிகளுக்கும் இப்படி ஒரு நாள் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி பனிக்கட்டியால் மூடிக் கிடக்கும் ஏரியின் கரையோரம் இளகி, முதல் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும் நாள் அது. அதிலிருந்து சில வாரங்களுக்குள் அங்குள்ள உயிர்கள் வளர்ந்து, பெருகி, அடுத்த உறைவைத் தாங்குவதற்கான முட்டைகளையும் சேமிப்பையும் செய்து முடித்தாக வேண்டும். இந்த இரண்டு நாட்காட்டிகளையும் அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு அமைந்தது. அங்கே கற்றவற்றில் எவை நம் குளங்களுக்குப் பயன்பட்டன என்பதை, குளம் பராமரிப்பவர்களும் மீன் வளர்ப்பவர்களும் ஆசிரியர்களும் எடுத்துக் கையாளும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

நான் மயிலாடுதுறை வட்டாரத்தில் விலங்கியல் கற்பிப்பவன். குளத்து நுண்ணுயிர்களில் இருந்த ஈடுபாடு காரணமாக, கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் நடத்தும் அண்டார்க்டிகப் பயணத்தில் கோடைக்காலக் குழுவினருள் ஒருவனாகச் செல்ல முடிந்தது. ஏரிகளிலிருந்து தண்ணீரும் அடிப்பாசியும் சேகரிக்கும் குழுவில் உதவுவது என் வேலை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து விமானத்தில் சென்று பனிக்கட்டி ஓடுதளத்தில் இறங்கி, 1989 முதல் இயங்கிவரும் நம் நாட்டு மைத்ரி நிலையத்தில் தங்கினோம். நிலையம் அமைந்திருக்கும் ஷிர்மாக்கர் பாறைவெளி ஏறத்தாழ 35 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது; தெற்கே கண்டத்தின் பெரும் பனிப்படலமும் வடக்கே கடல்மேல் மிதக்கும் பனித்தட்டும் சூழ, நடுவே பனியில்லாமல் கிடக்கும் குன்றுகளின் தொடர் அது. அந்தச் சிறிய பரப்புக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளும் குட்டைகளும் இருக்கின்றன. நிலையத்துக்கான குடிநீரே பிரியதர்ஷினி என்ற ஏரியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. குளத்தைச் சுற்றி ஊர் அமைந்திருப்பதைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு, உலகின் கடைக்கோடியிலும் ஓர் ஏரிக்கரையைத் தேடித்தான் மனிதர்கள் குடியிருப்பு அமைத்திருக்கிறார்கள் என்பது மிகுந்த நெருக்கத்தைத் தந்தது.

அங்குள்ள ஏரிகளை நீர்வரத்தை வைத்தே வகைப்படுத்துகிறார்கள். பனிப்படலத்தின் ஓரத்தை ஒட்டியவை உருகுநீரை நேரடியாகப் பெறுகின்றன. குன்றுகளுக்கு நடுவே அடைபட்டவை தம்மைச் சுற்றிப் பெய்த பனி உருகி வருவதை மட்டுமே நம்பியிருக்கின்றன. வடக்கு ஓரத்தில் இருப்பவை வியப்பானவை: மேலே நிலையான பனிமூடி, அதன் கீழே நன்னீர், அதற்கும் கீழே பனித்தட்டுக்கு அடியில் புகுந்துவரும் கடல்நீர் என்று அடுக்காக இருப்பதால், கடலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அந்த ஏரிகளின் நீர்மட்டமும் ஏறி இறங்குகிறது. கோடியக்கரை, வேதாரண்யம் பக்கத்து மணலில் ஊற்றுத் தோண்டுபவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. அங்கும் மேலே நல்ல தண்ணீர் நிற்கிறது, ஆழம் கூடினால் உப்பு வந்துவிடுகிறது.

ஓர் ஏரிக்குத் தண்ணீர் வந்து, வழிந்து போகிறதா, அல்லது வந்தது அங்கேயே அடைபட்டு நிற்கிறதா என்பதை அதன் உப்பளவே சொல்லிவிடும். வரத்தும் போக்கும் உள்ள ஏரி மழைநீருக்கு நெருக்கமான தூய்மையோடு இருக்கும். அடைபட்ட ஏரியில் ஆண்டுக்காண்டு ஆவியாவதாலும் உறைவதாலும் உப்புச் சேரும். தண்ணீர் உறையும்போது உப்பைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளாமல் கீழே தள்ளிவிடுவதால், பனிமூடி தடிக்கத் தடிக்க அடியில் எஞ்சும் தண்ணீர் உப்பேறிக்கொண்டே போகும். கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 1983 முதல் தொடர்ந்து கவனிக்கப்பட்டுவந்த சிறு குட்டைகளில் சில, 2006-ஆம் ஆண்டுக் கோடையில் முற்றிலும் வறண்டன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீர் நின்ற குட்டைகள் அவை. மறைந்துபோவதற்கு முன்பே, வெப்பம் கூடி ஆவியாதல் மிகுந்ததன் அடையாளமாக அவற்றின் உப்பளவு உயர்ந்துவந்திருந்ததை ஆய்வாளர்களின் குறிப்பேடுகள் காட்டின.

இதை அறிந்தபின், ஊர் திரும்பியதும் முதலில் கையில் எடுத்த கருவி, வீட்டில் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வாங்கும்போது சோதித்துக் காட்டுவார்களே, நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் அந்தச் சிறிய டி.டி.எஸ். மீட்டர்தான். குளத்தின் நீர்வரத்து வாயிலிலும், நடுப்படித்துறையிலும், வடிகால் ஓரத்திலும் வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் அளந்து எழுதினோம். ஆற்றுத்தண்ணீர் வந்து சேர்ந்த வாரத்தில் வரத்து வாயிலில் அளவு சட்டென்று இறங்கும். அந்த இறக்கம் எத்தனை நாளில் எதிர்க்கரைக்குப் போய்ச் சேர்கிறது என்பதிலிருந்து, குளத்துக்குள் தண்ணீர் நன்றாகச் சுழல்கிறதா என்பது விளங்கிவிடும். வாய்க்கால் அடைபட்டு, ஆழ்குழாய்த் தண்ணீரால் மட்டும் நிரப்பப்படும் குளங்களில் அந்த இறக்கம் வருவதே இல்லை. கோடை முழுவதும் அளவு ஏறிக்கொண்டே போகிறது. கண்ணுக்கு நிறைந்து தெரியும் குளம் உண்மையில் அடைபட்ட ஏரியாகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. தனி ஓர் எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே மீட்டரால் எடுத்த எண்களின் போக்குதான் பேசும்.

அடிமண்ணைப் பற்றிச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். கோடையில் பனிமூடி விலகிய ஒரு குட்டையின் கரையில் முழங்காலிட்டு எட்டிப் பார்த்தால், தண்ணீர் அங்கே இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவாக இருக்கும். அதில் வலைவீசி எடுத்தால் மிதவை உயிர்கள் மிகக் குறைவாகவே அகப்படும். மீன் கிடையாது, அண்டார்க்டிக நன்னீர் ஏரி எதிலும் மீன் இல்லை. வெறும் நீர் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் அடியைப் பார்த்தால், பாறையையும் மணலையும் மூடி ஒரு பாசி விரிப்பு கிடக்கும். மேற்பரப்பு ஆரஞ்சும் பழுப்புமாக இருக்கும். ஓரத்தைச் சற்று விலக்கினால் உள்ளடுக்கு நல்ல நீலப்பச்சையாகத் தெரியும். இரவே இல்லாத கோடையில் இடைவிடாமல் விழும் வெயிலையும் புறஊதாக் கதிரையும் மேலடுக்கின் நிறமிகள் தாங்கிக்கொள்ள, அதன் நிழலில் கீழடுக்கு ஒளிச்சேர்க்கை செய்கிறது. நோஸ்டாக், ஃபார்மிடியம் போன்ற நீலப்பச்சைப்பாசிகள் இழையிழையாகப் பின்னி, பசை சுரந்து, மணலையும் பிணைத்து இந்த விரிப்பை உண்டாக்குகின்றன. நோஸ்டாக் நம் வயலுக்குப் புதிதன்று. காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்தி நெல்லுக்கு உரமூட்டும் என்று நாம் வயலில் வளரவிடும் நீலப்பச்சைப்பாசிகளில் அதுவும் ஒன்று.

வெயில் ஏறும்போது அந்த விரிப்புக்குள் ஆக்சிஜன் குமிழிகள் சேர்ந்து, சில இடங்களில் விரிப்பைத் தூக்கிக் கூரை கட்டும். பிறகு ஒரு துண்டு பிய்ந்து மேலே மிதந்து வரும். காற்று அதைக் கரையில் ஒதுக்க, அங்கே அது வெயிலில் காய்ந்த வடாமாகச் சுருண்டு கிடக்கும். அந்தக் காய்ந்த சருகைத் தண்ணீரில் ஊறவைத்து நுண்ணோக்கியில் வைத்தபோது, சற்று நேரத்துக்கெல்லாம் சக்கர உயிரிகள் (ரோட்டிஃபர்) என்னும் நுண்ணுயிர்கள் நீண்டு விரிந்து இரைதேடத் தொடங்கியதையும், எட்டுக் காலோடு தடுமாறி நடக்கும் நீர்க்கரடி (டார்டிகிரேட்) என்ற நுண்ணுயிர் ஒன்று பாசி இழையைப் பற்றி ஏறியதையும் கண்டேன். இத்தகைய உயிர்கள் உடலிலுள்ள நீரை ஏறக்குறைய முழுவதும் இழந்து சுருண்டு, காலத்தைக் கடத்தக் கூடியவை. ஜப்பானியர்கள் 1983-இல் அண்டார்க்டிகாவில் சேகரித்து உறையவைத்திருந்த மாஸ் என்ற பாசிச்செடியிலிருந்து நீர்க்கரடிகளை 2014-இல் உயிர்ப்பித்தார்கள். அவற்றுள் ஒன்று முட்டையிட்டு, குஞ்சுகளும் பொரிந்தன. முப்பது ஆண்டு உறைந்துகிடந்த உயிர் அது.

இந்தக் கண்ணோட்டத்தோடு மே மாதத்து வறண்ட குளத்துக்குள் இறங்கி நின்றால், கால்நடை மிதித்து வெடித்துக் கிடக்கும் அந்தக் கரம்பை வேறு விதமாகத் தெரியும். கல்லூரியில் நாங்கள் ஆண்டுதோறும் செய்யும் சோதனையைச் சொல்கிறேன், பள்ளிக்கூடத்திலும் செய்யலாம். வெடிப்பு விட்ட குளத்தின் மேல்மண்ணை இரண்டு விரற்கடை ஆழத்துக்குள் சுரண்டி எடுக்க வேண்டும். உயிருள்ள முட்டைகள் பெரும்பாலும் மேலடுக்கில்தான் இருக்கும். அதை ஈரம் படாமல் காகித உறையிலோ துணிப்பையிலோ வைக்க வேண்டும். நெகிழிப் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். வாயகன்ற பாத்திரத்தில் ஒரு பிடி மண்ணைப் பரப்பி, சேமித்த மழைநீரை மெதுவாக ஊற்றி, நிழலான வெளிச்சத்தில் வைத்து, கொசு முட்டையிடாதபடி மெல்லிய துணியால் மூட வேண்டும். குளோரின் கலந்த குழாய்த்தண்ணீர் ஆகாது. முதல் சில நாட்களிலேயே சக்கர உயிரிகள் தெரியும். பிறகு துள்ளித் துள்ளி நீந்தும் நீர்த்தெள்ளுப்பூச்சிகளும், சிறு பயறு அளவுகூட இல்லாத, இரட்டை ஓட்டுக்குள் அடங்கிய ஆஸ்ட்ரகாடுகளும் வரும். கோடையில் முழுவதும் வறண்டு, மழையில் மட்டும் நிரம்பும் குட்டைகளின் மண்ணாக இருந்தால், சில வேளைகளில் ஓடில்லாத, கண்ணாடி போன்ற உடலுடைய சிறு இறால் வகை ஒன்று பொரியும். ஸ்ட்ரெப்டோசெபாலஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த அது எப்போதும் மல்லாந்தே நீந்தும். பதினோரு இணைக் கால்களும் மேல்நோக்கி அலையலையாக அசைவதைக் கைவிளக்கின் ஒளியில் பார்த்த மாணவர் எவரும் அந்தக் குட்டையை அதன்பின் வெறும் பள்ளம் என்று சொன்னதில்லை. இதன் உறவினரான பிராங்கினெக்டா கைனி என்ற இனம்தான் அண்டார்க்டிகாவின் நன்னீரில் வாழும் முதுகெலும்பற்ற உயிர்களிலேயே பெரியது. அது உறைவைத் தாண்டுவதும் மண்ணில் கிடக்கும் முட்டைகளாகவே. அங்கே குளிர் செய்வதை இங்கே கோடை செய்கிறது.

தூர்வாருவதைப் பற்றி என் கருத்தை மாற்றியது இதுதான். தூர்வாருவது தேவை, வண்டல் மேவி ஆழம் குறைந்த குளத்தால் எவருக்கும் பயனில்லை, அந்த வண்டலும் வயலுக்கு நல்லது. ஆனால் பொக்லைன் இயந்திரத்தை இறக்கி, ஒரே வாரத்தில் கரையிலிருந்து கரைவரை ஒரே மட்டமாகச் சுரண்டி, மேல்மண் முழுவதையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டால், அடுத்த புதுத்தண்ணீருக்கு எழுந்து வர வேண்டிய உயிர்களையும் சேர்த்து அனுப்பிவிடுகிறோம். அப்படித் தோண்டிய குளத்தில் முதலாண்டு நுண்பாசி கட்டுக்கடங்காமல் பெருகித் தண்ணீர் பச்சைக் குழம்பாவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதை மேய வேண்டிய நீர்த்தெள்ளுப்பூச்சிகள் இல்லாமற்போவதும் அதற்கு ஒரு காரணம். எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றில் தலைவரிடமும் ஆயக்கட்டுக்காரர்களிடமும் பேசி, மூன்று ஏற்பாடுகளைச் செய்து பார்த்தோம். குளத்தில் கால்பங்கை அந்த ஆண்டு தொடாமல் விட்டு, அடுத்த முறை அதைத் தோண்டுவது. தோண்டத் தொடங்கும் முன் மேல்மண்ணில் சில கூடைகளைத் தனியே குவித்துவைத்து, வேலை முடிந்ததும் புதிய அடித்தரையில் தூவிவிடுவது. கரையைச் செங்குத்தாக வெட்டாமல் ஒரு பக்கத்திலாவது சரிவாக விடுவது. இவற்றால் செலவு கூடவில்லை. இயந்திரம் ஓட்ட வந்த தம்பிக்குச் சுண்ணாம்புக்கோடு போட்டுக் காட்டியதே போதுமானதாக இருந்தது. சுற்றிலும் கான்கிரீட் சுவர் எழுப்பி, அடியிலும் பூச்சுப் பூசி, நடைபாதையும் விளக்கும் அமைத்து அழகுபடுத்தும் திட்டங்களை என்னால் ஏற்க முடியவில்லை. மண்ணைத் தொடாத குளம் தொட்டியாகிவிடுகிறது. தொட்டிக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று இல்லை.

மீன் விடுவதையும் இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். வட துருவப் பகுதியில் ஆழமான ஏரிகளில் ஆர்க்டிக் சார் என்ற மீன் வாழ்கிறது; பல ஏரிகளில் அது ஒன்றே மீன். அடிவரை உறைந்துபோகும் ஆழமற்ற குட்டைகளில் மீன் பிழைக்க முடியாது. அதனாலேயே அங்கே பெரிய நீர்த்தெள்ளுப்பூச்சிகளும் மல்லாந்து நீந்தும் இறால்களும் தைரியமாகத் திரிகின்றன. நம் பக்கத்தில் கோடையில் வறளும் குட்டைகளுக்கும் இதே நியாயம்தான். தவளைக் குஞ்சுகளும் தும்பியின் இளம்பருவங்களும் அங்கேதான் வளர்கின்றன. குளம் ஏலம் எடுத்தவர்கள் கட்லா, ரோகு விடட்டும். அதற்கென்று நிலையான குளங்கள் இருக்கின்றன. ஆனால் கொசுவை ஒழிப்பதாகச் சொல்லி, காணும் குட்டையிலெல்லாம் ஜிலேபிக் கெண்டையையோ வெளிநாட்டுச் சிறுமீனையோ கொட்டுவதை நிறுத்த வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். கொசுப்புழுவைத் தின்னும் தும்பி இளம்பருவத்தையே அந்த மீன்கள் தின்றுவிடுகின்றன.

அடுத்தது ஆக்சிஜன். உறைநிலையை ஒட்டிய நன்னீர், லிட்டருக்கு ஏறத்தாழ 14.6 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரி வெப்பமுள்ள தண்ணீரால் 7.6 மில்லிகிராம்தான் தாங்க முடியும். குளிர்ந்த ஏரியின் கையிருப்பில் பாதியை வைத்துக்கொண்டுதான் நம் குளத்து மீன் வாழ்க்கை நடத்துகிறது. வெப்ப அடுக்கும் நம்மிடம் கடுமையானது. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்பதால், துருவ ஏரியில் பனிமூடிக்குக் கீழே சற்றே வெப்பம் கூடிய தண்ணீர் அடியில் தங்குகிறது. ஆனால் அந்த வெப்பநிலையில் ஒரு டிகிரி மாற்றத்தால் வரும் அடர்த்தி வேறுபாடு மிகச் சிறியது. 29-லிருந்து 30 டிகிரிக்கு ஏறும்போது வரும் வேறுபாடு, 4-லிருந்து 5-க்கு ஏறும்போது வருவதைப்போல முப்பது மடங்குக்கும் மேல். ஆகவே, மேலே வெதுவெதுப்பாகவும் முழங்காலுக்குக் கீழே குளிர்ச்சியாகவும் நாம் குளிக்கும்போது உணர்கிற இரண்டு மூன்று டிகிரி வேறுபாடே, காற்றில்லாத பகலில் மேல்நீரையும் அடிநீரையும் கலக்கவிடாமல் பிரித்துவைக்கப் போதுமானது. அடியில் அழுகும் இலைதழை அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். திடீரென்று குளிர்ந்த மழை பெய்து அடுக்குக் கலையும்போது, அந்த வெறுமையான தண்ணீர் குளம் முழுவதும் பரவும்.

எங்கள் ஊர்ப்பக்கம் பல ஆண்டுகளாகக் குளம் ஏலமெடுத்து மீன் வளர்க்கும் பெரியவர் ஒருவர் இதைத் தம் வழியில் சொன்னார்: “சார், ஐப்பசியில மப்பு போட்ட மூணாம் நாளு விடியக்காலத்துல வந்து பாருங்க. மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்துகிட்டு நிக்கும். அன்னிக்கு நான் தவிடும் போடமாட்டேன், சாணியும் போடமாட்டேன்.” அறிவியல் முழுவதும் அந்தச் சொற்களில் அடங்கியிருக்கிறது. மேகமூட்டத்தில் பாசி போதிய ஆக்சிஜன் செய்யாது. இரவில் எல்லா உயிரும் சேர்ந்து இருப்பதைச் செலவழிக்கும். விடியும் முன் கையிருப்பு மிகக் குறைவாகும். துருவத்தின் நீண்ட இருளில், ஒளிச்சேர்க்கை செய்யும் சில ஒற்றைச்செல் உயிர்கள் பாக்டீரியாக்களைத் தின்று பிழைக்கும் வழக்கத்துக்கு மாறிக்கொள்கின்றன. நம் கெண்டைக்கு அந்த வசதி இல்லை. அதனால் ஆக்சிஜன் அளப்பவர்கள் விடியற்காலையில் அளக்க வேண்டும். நண்பகலில் அளந்த எண் ஆறுதல் தரும், உண்மையைச் சொல்லாது. அளவுகருவி இல்லாதவர்கள், குறுகிய வாயுள்ள கனமான புட்டியில் கல்லைக் கட்டி, தக்கையில் தனிக்கயிறு கட்டி இறக்கி, வேண்டிய ஆழத்தில் தக்கையை இழுத்து நிரப்பி எடுத்து, உடனே வெப்பமானியை வைத்துப் பார்க்கலாம். மேல்நீருக்கும் அடிநீருக்கும் வெப்பம் எவ்வளவு வேறுபடுகிறது என்று தெரிந்தாலே, அந்த வாரம் குளத்துக்கு ஆபத்தா என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். ஆகாயத்தாமரையை மருந்தடித்துக் கொன்று குளத்திலேயே அழுகவிடுவது இதே காரணத்தால் கூடாது. வாரிக் கரையேற்றி, குளத்துக்குத் திரும்பி வடியாத தொலைவில் மட்கவைக்க வேண்டும்.

கழிவுநீரைப் பற்றி ஓர் எடுத்துக்காட்டு போதும். கனடாவின் கார்ன்வாலிஸ் தீவில், ரெசல்யூட் குடியிருப்புக்கு அருகே சார் ஏரியும் மெரெட்டா ஏரியும் அடுத்தடுத்து உள்ளன. சார் ஏரி தெளிந்தது. 1960-களின் இறுதியிலிருந்து பன்னாட்டு உயிரியல் திட்டத்தின்கீழ் விரிவாக ஆராயப்பட்டது. மெரெட்டாவில் 1949 முதல் அங்கிருந்த தளம் ஒன்றின் கழிவுநீர் விழுந்தது. ஒரே வானிலை, ஒரே பாறை. ஆனால் மெரெட்டாவில் பாஸ்பரஸ் கூடிப் பாசி பெருகி, குளிர்காலத்தில் பனிமூடிக்கு அடியில் ஆக்சிஜன் குறைந்தது. 1998-இல் கழிவுநீர் நின்றபின் அந்த ஏரி தேறிவந்ததை அதன் அடிவண்டலில் படிந்த டயாட்டம் என்னும் நுண்பாசியின் ஓடுகளும் நீர்ச் சோதனைகளும் காட்டின. தேறியதற்கு வாயிலை அடைத்ததே முதற்காரணம். அண்டார்க்டிகாவை அடுத்த சிக்னி தீவில் கடல்நாய்கள் திரளாக வந்து தங்கத் தொடங்கியபின், அவற்றின் கழிவாலேயே ஹேவுட் ஏரியின் தன்மை மாறியது. ஏரிக்கு விருந்தாளி யாரென்பதில் அக்கறையில்லை, வந்து சேரும் ஊட்டத்தின் அளவுதான் கணக்கு.

திருவாரூர்க் கமலாலயத்தைப் பற்றி “கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி” என்று சொல்வார்கள். அத்தனை பெரிய குளத்துக்கும் தெருமுனைச் சிறு குளத்துக்கும் இந்தக் கணக்கில் வேறுபாடு இல்லை. எங்கள் பகுதியில் ஒரு குளத்தைச் சுத்தம் செய்ய இளைஞர்கள் கூடியபோது, பாசியை அள்ளுவதற்கு முன் குளத்தைச் சுற்றி ஒருமுறை மெதுவாக நடந்து, உள்ளே விழும் ஒவ்வொரு குழாயையும் சாக்கடை வாயையும் காகிதத்தில் குறிக்கச் சொன்னேன். வீட்டுக்காரர்களிடம் சண்டைக்கு நிற்காமல், “அம்மா, இந்தக் குழாயை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாமா?” என்று பெண்கள் போய்க் கேட்டபோது பாதி வேலை முடிந்தது. மீதியை ஊராட்சி வடிகால் அமைத்து முடித்தது. அதன்பிறகு அள்ளிய பாசி பழைய வேகத்தில் திரும்பி வரவில்லை.

கருவி சுத்தம் என்பது அண்டார்க்டிகாவில் கடுமையாகக் கடைப்பிடிக்கப்படுவது. புறப்படும் முன் காலணியின் அடியிலும் ஒட்டுப்பட்டையின் (வெல்க்ரோ) முடியிலும் சிக்கிய விதைகளைக்கூட நீக்கச் சொல்வார்கள். ஓர் ஏரியில் நனைத்த வலையைக் கழுவி உலர்த்தாமல் அடுத்த ஏரியில் நனைக்கக் கூடாது. பாசி விரிப்பின்மேல் கால் வைக்கக் கூடாது என்றும், அந்தத் தடம் ஆண்டுக்கணக்கில் ஆறாது என்றும் குழுத்தலைவர் திரும்பத் திரும்ப எச்சரித்தார். இங்கே ஒரே வலை நாலு குளத்துக்குப் போகிறது. அதோடு ஆகாயத்தாமரைத் துண்டும், வளர்ப்புத் தொட்டியிலிருந்து தப்பிய ‘டேங்க் கிளீனர்’ மீனின் குஞ்சும் போகின்றன. வலையையும் கூடையையும் இயந்திரத்தின் வாளியையும் கழுவி, ஒரு பகல் முழுவதும் நல்ல வெயிலில் காயப்போடுவதற்கு நம்மிடம் இலவசமாகக் கிடைக்கும் வெயிலே போதும்.

கடைசியாகக் குறிப்பேடு. எல்ஸ்மியர் தீவுக் குட்டைகளின் கதையை உலகம் அறிந்ததற்குக் காரணம், 1983 முதல் அதே குட்டைகளுக்கு அதே ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய் எழுதிவைத்ததே. நம் ஊர்க் குளத்துக்கு அப்படி ஒரு நோட்டு எங்கேயும் இல்லை. நாங்கள் தொடங்கியதில் ஏழெட்டுக் கட்டங்கள் மட்டும் இருக்கின்றன: புதுத்தண்ணீர் வந்த நாள், குளம் நிரம்பிய நாள், வற்றிய நாள், டி.டி.எஸ்., விடியற்காலை வெப்பம், தண்ணீரின் நிறம், மீன் மேலே வந்த நாட்கள், மருந்தோ உரமோ அடித்த வயல்களின் வடிநீர் உள்ளே வந்த நாட்கள். நோட்டை ஒருவர் வீட்டில் வைக்காமல் கோயில் மடப்பள்ளியிலோ பள்ளிக்கூடத்திலோ வைப்பது நல்லது. ஆசிரியர் மாறினாலும் நோட்டு மாறாது. ஆழம் அளக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். படித்துறையில் தண்ணீருக்கு மேல் தெரியும் படிகளை, எப்போதும் அதே துறையில், மேற்படியிலிருந்து எண்ணி எழுதினால் போதும். படித்துறை இல்லாத குட்டைகளில் மதகுத்தூணில் அடிக்கணக்கில் வண்ணக்கோடு போட்டுக்கொள்ளலாம். கோடை முடிந்து தண்ணீர் வருவதற்கு முன்பே அதைப் போட்டுவிட வேண்டும்.